வலக்கன்னத்து வெள்ளை

“வாயைத் தொறங்க. இன்னும் நல்லா.”

சவுந்தரம் கணவனின் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். பாலவனத்தம் சபையின் உபதேசியார் செல்வதுரை, ஊருக்கே புத்தி சொல்கிற வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வலக்கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக வெந்திருந்தது.

“புகையிலை,” என்றாள்.

“சத்தியமா இல்ல சவுந்தரம். போன மாசம் மதுரையில கடவாப்பல்லுக்கு வெள்ளி அடைச்சேன்ல, அதுக்கப்புறந்தான் இப்பிடி.”

“பல்லுல வச்சது கன்னத்துல எப்பிடி வேகும்? சுண்ணாம்பும் புகையிலையும் ஒதுக்குற எடம் அது. இந்த வாயோடயா நற்கருணை எடுப்பீக?”

புகையிலையை விட்டால்தான் பெண் தருவேன் என்று மாமனார் சொன்னபோது, வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர் செல்வதுரை. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியும் வந்தார், பாவம்.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். எரிந்ததே தவிர வெள்ளை போகவில்லை. கிராம்புத் தைலம் தடவினார். கன்னம் இன்னும் புண்ணாகி, வீடெல்லாம் மணத்தது.

“வாடைய மறைக்கத்தான கிராம்பு?”

குழம்பைத் தொடாமல் மோர் கேட்டார்.

“புகையிலையில வெந்த வாயிக்குக் காரம் ஆகாது.”

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று பேசாமல் இருந்து பார்த்தார்.

“அடக்கி வச்சிருக்கீகளா? துப்பிட்டுப் பேசுங்க.”

சனிக்கிழமை காலையில் அவள் துணிமூட்டையைக் கட்டிவிட்டாள். “மதுரைக்கு நானும் வாரேன். டாக்டரு புகையிலைன்னு சொல்லிட்டா, அப்பிடியே நரிக்குடிக்கு எங்கய்யா வீட்டுக்குப் போறேன்.”

செல்வதுரைக்குக் கண் கலங்கியது. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் புகை தின்று மதுரை போய்ச் சேர்ந்தார்கள். பல் டாக்டர் அவர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

“இது புகையிலை இல்லம்மா. வெள்ளியும் பாதரசமும் குழைச்சு அடைச்சிருக்கு. அது கன்னத்துல படுற எடம் சிலருக்கு ஒத்துக்காம வெளுத்துப் புண்ணாகும். எடுத்துட்டு வேற வச்சா தானா ஆறிடும்.”

சவுந்தரம் அழுதே விட்டாள். “தங்கமான மனுசனைச் சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சிருங்க.”

“விடு புள்ள,” என்று அவர் துண்டை நீட்டினார். கன்னத்து எரிச்சல்கூட அப்போது அவருக்குத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்தவள், கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, எனக்கும் கடவாப்பல்லு வலிக்கி. வேற எதுவும் வேணாம், அந்த வெள்ளியவே அடைச்சு விட்ருங்க.”

டாக்டர் அவள் வாயையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பல்லெல்லாம் முத்தாட்டம் இருக்கும்மா. புகையிலை ஒதுக்குற கன்னந்தான் வெந்திருக்கு.”