வேண்டாமென்று சொல்லாத கயல்

தணிகாசலத்துக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. பயப்பட வேண்டிய கட்டம் வருவதற்குள் மனைவி கயல் தடுத்துவிடுவாள். அப்படித்தான் அவர் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

புல்லட்டில் லடாக் போயிருப்பார், கயல் விடமாட்டாள். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு சூப்பர்வைசர் வேலையை உதறிவிட்டுச் சொந்தக் கடை போட்டிருப்பார், கயல் விடமாட்டாள். அபார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டியில் செத்து மிதந்த புறாவைக்கூட அவரே இறங்கி எடுத்திருப்பார். கயல் விட்டால்தானே? இதில் எதையும் அவர் கயலிடம் கேட்டதில்லை. கேட்டால் ஒருவேளை விட்டுவிடுவாளோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம்.

ஆகவே, எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் ஒருநாள் செல்போனை நீட்டி, பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு போட்டி, சொந்தமாகச் செய்த பறக்கும் வண்டியோடு மேடையிலிருந்து கடலுக்கு மேல் பாய வேண்டுமாம் என்று சொன்னபோது, தணிகாசலம் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என் பேரைப் போடுங்க சார்" என்றார்.

"நெஜமாவே சொல்றேளா?"

"நான் ரெடி சார். வீட்டுலதான்..." என்று இழுத்தார். மீதியை ஸ்ரீரங்கனே முடித்துக்கொள்வார் என்று தெரியும். ஸ்ரீரங்கனும் அனுதாபத்தோடு தலையாட்டினார். ஆனால் தலையாட்டிக்கொண்டே பெயரையும் பதிந்துவிட்டார்.

தடையை வாங்கிக்கொள்ளத் தணிகாசலம் நிம்மதியாக வீட்டுக்குள் போனார். கயல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கயலு, நான் பறக்கப் போறேன்."

"எப்போங்க?"

"அடுத்த மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை கடையில கூட்டமாச்சே. இப்பவே லீவு சொல்லி வச்சிடுங்க."

சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். தணிகாசலம் அங்கேயே நின்றார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. இரண்டு மாடி உயரம், கீழே கடல் என்று விளக்கினார். வேறொரு ஊரில் ஒருத்தருக்குக் கால் முறிந்தது என்று, அந்த நிமிஷமே தயாரித்த தகவல் ஒன்றையும் சேர்த்தார். கயல் பொறுமையாகக் கேட்டாள். அப்படியென்றால் இரும்பு வேண்டாம், மூங்கில்தான் நல்லது என்றாள்.

அதன்பிறகு நடந்த எதுவும் அவருக்குப் புரியவில்லை. பந்தல்காரர் மூங்கில் கொண்டுவந்து மொட்டை மாடியில் போட்டார். கடையில் ஆடித் தள்ளுபடியிலும் போணியாகாத மஞ்சள் நைலக்ஸ் புடவைகளை அவர் கையாலேயே வாங்கிவர வைத்தாள் கயல். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கும் மெஷினில் றெக்கை தைத்தாள். ஜாக்கெட்டுக்கு அக்குளில் பிடிப்பு வைக்கிற மாதிரி இங்கே கொஞ்சம் பிடித்துவிட்டால் காற்று நிற்கும் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கீழே சக்கரம். பார்த்துவிட்டு ஸ்ரீரங்கன் கருடன் என்றார். அவர் மனைவி காமாக்ஷி, யார் வீட்டுத் துணியோ காற்றில் பறக்கிறது என்று முதலில் கிளிப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாளாம்.

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பெல்ட் வயிற்றைச் சுற்றி வரவில்லை. அளவு தப்பிவிட்டதே என்றார், சற்று நம்பிக்கையோடு.

"அளவு சரிதாங்க" என்றாள் கயல்.

எப்படிச் சரி? மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். அப்போதும் எட்டவில்லை. அன்றைக்கு ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கிவந்தார்.

கடைசி முயற்சியாக ஸ்ரீரங்கனைப் பிடித்தார். நான் சொன்னதாகச் சொல்லாமல் கயலிடம் ஆபத்தை எடுத்துச் சொல்லுங்கள் என்றார். போனவர் கண் கலங்கித் திரும்பி வந்தார்.

"'அவர் ஆசைப்படறதை நான் ஏன் சார் தடுக்கணும்'ங்கறா. இவளைப் போய் என்னென்னமோ நெனச்சிண்டிருந்தோமே."

அன்று சாயங்காலம் கயல் நெற்றியில் செந்தூரத்தோடு வந்தாள். நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டாளாம், எங்கள் வண்டி நல்லபடியாகப் பறக்க வேண்டுமென்று. கடலையே தாண்டியவர், இதைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றாள். தணிகாசலம் ஆஞ்சநேயரைப் பற்றி நெடுநேரம் யோசித்தார். அவர் பிரம்மச்சாரி. தடுக்க வீட்டில் ஆள் இல்லை, பறந்தார். தனக்கு வீட்டில் ஆள் இருந்தும் இல்லாமல் போனது எப்படி என்பதுதான் விளங்கவில்லை.

ஞாயிறும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெளியே புடவை தவிர வேறு கட்டாத கயல் சுடிதாரில் கிளம்பினாள். ஓர் அணிக்கு இரண்டு பேர், ஒருவர் உட்கார, ஒருவர் தள்ள. தள்ளுவதற்குச் சுடிதார்தான் வசதி என்றாள்.

றெக்கை முளைத்த ஆட்டோ ஒன்று பாய்ந்தது. நேராகக் கடலுக்குள் போனது. அடுத்தது ராட்சத இட்லிக் குண்டான். அதுவும் அப்படியே. குடைகளைக் கட்டிய கட்டில் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டு விழுந்தது. ஊரூர் குப்பத்து மீனவர் படகுகள் விழுந்தவர்களை ஒவ்வொருவராய்த் தூக்கிப் போட்டுக்கொண்டன.

தணிகாசலத்தின் முறை. மேடை நுனியில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். கீழே படகில் லாசர் என்ற மீனவர் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா நைனா, வர்றியா? இல்ல, நான் போயி டீ குட்ச்சிட்டு வரட்டா?"

தணிகாசலம் திரும்பினார். "கயலு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"எதுக்குங்க?"

"நீ சொன்னா நான் இறங்கிடுவேன்."

கயல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். "போன மாசம் லிஃப்ட்ல காமாக்ஷி மாமி என்னைக் கேட்டாங்க. 'ஏம்மா, பாவம் அந்த மனுஷர், ஒரு தடவை போகத்தான் விடேன்'னு. எங்கன்னு கேட்டேன். லடாக்காம். சொந்தக் கடையாம். புறாவாம். அபார்ட்மெண்ட் பூரா என்னை ராட்சசின்னு நினைச்சிட்டிருக்கு. நான் என்னிக்குங்க வேணாம்னேன்?"

தணிகாசலம் கடலைப் பார்த்தார். கயலைப் பார்த்தார். கடலே பரவாயில்லை போலிருந்தது. ஆனாலும் கை கைப்பிடியை விடவில்லை.

"பயமா இருக்கு" என்றார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. சரி, எந்திரிங்க."

"அப்போ வேண்டுதல்?"

"வண்டி பறக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். நீங்கன்னு சொல்லலியே."

அவர் எழுந்த நாற்காலியில், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கயல் உட்கார்ந்தாள். பெல்ட் அவள் இடுப்பில் 'டக்'கென்று கச்சிதமாய்ப் பூட்டிக்கொண்டது. தணிகாசலத்துக்கு ஒரு மாதமாகப் புரியாமல் இருந்த ஒன்று புரிந்தது.

"தள்ளுங்க."

தள்ளினார். மஞ்சள் புடவைகள் காற்றை நிரப்பிக்கொண்டு உப்பின. வண்டி விழவில்லை. வண்டி மிதந்து, படகைத் தாண்டி, லாசர் தலையைக் குனிந்துகொள்ள, அலைகளுக்கு அப்பால் போய் மெல்ல உட்கார்ந்தது, கொக்கு மாதிரி.

"இன்னாக்கா, என் தலைக்கு மேலயே பறந்து பூட்ட" என்று சொல்லிக்கொண்டே லாசர் அவளைக் கரை சேர்த்தார். அபார்ட்மெண்ட் மொத்தமும் சூழ்ந்துகொண்டது. மைக்கோடு வந்த பெண், அடுத்து கோவாவில் நடக்கும் போட்டிக்கு வருவீர்களா என்று கேட்டாள். போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பாம்.

கயல் தலைமுடியைப் பிழிந்தாள். தணிகாசலத்தை ஒரு பார்வை பார்த்தாள். தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"எனக்கும் ஆசைதாங்க. ஆனா, வீட்டுல அவர் விடமாட்டார்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. முதலில் பேசியது காமாக்ஷி மாமிதான்.

"ஏன் சார், பாவம் அந்தப் பொண்ணு, ஒரு தடவை போகத்தான் விடுங்களேன்."