ஆறு மாதச் சுதந்திரம்

சாவதற்குள் ஆறு மாதமாவது சுதந்திர மனிதனாக வாழ்ந்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தது முத்துக்குமாரின் டீக்கடையில். வீட்டில் அந்த இலாகா என்னிடம் இல்லை. அது என் மனைவி மங்கையர்க்கரசியிடம் இருக்கிறது. பெயரிலேயே அரசி. பெண் பார்க்கப் போன அன்றைக்கே இதை யோசித்திருக்க வேண்டும். நான் பஜ்ஜியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் திருஞானசம்பந்தம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு. நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை நூலை ஓட்டும் நாடாவைத் தனித்தனியாக விட்டு, இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே வரவேண்டும். ஒற்றை ஆளால் முடியாது. தறிக் குழியில் உட்கார்ந்து நான் உடலுக்கு நாடா விடுவேன், பக்கத்தில் உட்கார்ந்து மங்கை கரைக்கு விடுவாள். அவள் இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் எனக்கு லீவு. வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கலாம். சீட்டாடலாம். முக்கியமாக, சர்க்கரை போட்ட டீ குடிக்கலாம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டில் சர்க்கரை இல்லை.

இந்த நேரம் பார்த்து டல்லாஸிலிருந்து மகள் காவேரி கூப்பிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். மூன்று வயதுப் பேரன் கதிர்வேலைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"ரெண்டு பேரும் விசா போடுங்கப்பா. ஆறு மாசம் வந்து இருங்க."

"இன்டர்வியூல என்னம்மா கேப்பாங்க?"

"நீங்க ஊருக்குத் திரும்பிடுவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும். தறி இருக்குது, வேலை இருக்குதுன்னு சொல்லுங்க. இங்கயே தங்கிடுவீங்கன்னு தோணிச்சின்னா குடுக்க மாட்டாங்க."

அந்த நிமிடமே என் மூளைக்குள் திட்டம் தயாராகிவிட்டது. மங்கை தறியைப் பற்றிச் சொல்லுவாள், அவளுக்கு விசா கிடைக்கும். நான் 'எனக்கு இங்கே ஒன்றுமே இல்லை, அமெரிக்காதான் என் உயிர்' என்பேன். எனக்குக் கிடைக்காது. அவள் பறந்துவிடுவாள். நான் டீக்கடைக்கு நடந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு மங்கை போனைச் சமையலறைக்கு எடுத்துப்போய் மகளிடம் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினாள். சாம்பார்ப்பொடி விவகாரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் இன்டர்வியூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு பெண். முதலில் மங்கையைக் கேட்டார்கள்.

"என்ன வேலை பண்றீங்கம்மா?"

"வேலையா? வீட்ல சும்மாதான் குந்திக்கினு இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதித் தறி அவள்.

"எப்ப திரும்பி வருவீங்க?"

"பொண்ணு அனுப்பிச்சா வருவேன். அனுப்பலன்னா அங்கயே இருந்துடறேன். இங்க எனக்கு யாரு இருக்குறாங்க?"

இருக்கிற நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அது என் வசனம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம். இவளுக்கு விசா மறுத்துவிட்டால் என் சுதந்திரம் போச்சு. "அம்மா, அவ தெரியாம சொல்றா" என்று நான் குறுக்கே பாய்வதற்குள் மங்கை என்னைக் காட்டினாள்.

"இவரக் கேளுங்கம்மா. பெரிய கை. இவரு போடற கோர்வை காஞ்சிபுரத்துல யாருக்கும் வராது. புடவையோட உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு முதலாளியே தடுமாறுவாரு."

கல்யாணமான நாளாக அவள் என்னைப் பாராட்டியது ஒரே ஒரு தடவை. கொசுவத்திச் சுருளை உடையாமல் பிரித்ததற்கு. இப்போது ஒரு வெளிநாட்டு அம்மாள் முன்னால், மைக்கில், பெரிய கை என்கிறாள். சத்தியமாக, அமெரிக்கா, டீ, சுதந்திரம் எல்லாம் மறந்துபோயின.

"அப்படியா? நீங்க அமெரிக்கா போயிட்டா அந்த வேலையை யார் பாப்பாங்க?" என்று தமிழ்ப் பெண் என்னைக் கேட்டாள்.

"யாருங்க பாக்கறது? பாதிப் புடவை தறியில நிக்குது. வேற கை பட்டா கோர்வைல காட்டிக் குடுத்துடும். நான் வந்துதான் முடிக்கணும்."

அதோடு நிறுத்தினேனா? மங்கையின் முந்தானையையும் என் வேட்டி நுனியையும் சேர்த்துப் பிடித்து, கோர்ப்பது எப்படி என்று செய்தே காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக்கார அம்மாள் சிரித்தார்.

அதற்குள் தமிழ்ப் பெண்ணை வேறு ஜன்னலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மங்கையின் பாஸ்போர்ட்டை வெளியே தள்ளினார். என்னுடையதை உள்ளே வைத்துக்கொண்டார்.

ஆக, அவளுக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். இவ்வளவு உளறியும் திட்டம் பலித்துவிட்டதே என்று மனதுக்குள் காமாட்சி அம்மனைக் கும்பிட்டேன். முகத்தில் மட்டும் சோகத்தை ஏற்றிக்கொண்டேன்.

"விடு மங்கை. எனக்குக் குடுத்து வெக்கல. நீ போய் வா."

"பொட்டி வாங்கணுமே" என்றாள் மங்கை.

வாங்கினேன். சக்கரம் வைத்த பெட்டி. தி.நகரில் ஒரு ஸ்வெட்டரும் எடுத்தாள். அளவு பார்க்க அதை என் மார்பில் வைத்துப் பார்த்தாள்.

"உனக்கு எடுக்கறதுக்கு என்னை எதுக்கு அளக்கற?"

"உங்களுக்குப் பத்துச்சின்னா போதும்."

இதுவல்லவா தாம்பத்தியம் என்று நெகிழ்ந்து, ஒரு குரங்குக் குல்லாயும் வாங்கிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து டீக்கடையிலிருந்து விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பெட்டி திறந்திருந்தது. உள்ளே என் லுங்கிகள். அதன்மேல் என் பாஸ்போர்ட். மங்கை என் சர்க்கரை மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு லோகாம்பாள் உதவிக்கு நின்றிருந்தாள்.

"என் லுங்கி எதுக்கு?"

"டல்லாஸ்ல கிடைக்காதாம்."

"அமெரிக்காவுக்கு நீதான போற?"

"எனக்குத்தான் குடுக்கலியே. உள்ள வெச்சிக்கினா விசா, திருப்பிக் குடுத்துட்டா இல்லன்னு காவேரி அன்னிக்கே சொல்லிச்சி. வீட்ல சும்மா குந்திக்கினு இருக்கறவளுக்கு யாருங்க குடுப்பாங்க?"

தறிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்படி மங்கை..."

"ஆறு மாசம் சர்க்கரை போட்டு டீ குடிக்கப் போறேன்னு கடையில சொல்லிக்கினு இருந்தீங்களாம். முத்துக்குமாரு லோகாகிட்ட சொல்லிட்டாரு. எனக்கும் ஆறு மாசம் வேணும்ல?"

"தறி?"

"லோகா வரேன்னுக்கிறா."

"வேற கை பட்டா கோர்வைல தெரிஞ்சிடும்" என்றேன். என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் அது.

"பாக்கலாம்" என்று பெட்டியை மூடினாள்.

இதை டல்லாஸிலிருந்து எழுதுகிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி. டீக்கடை நடக்கிற தூரத்தில் இல்லை. வீட்டில் பாத்திரம் கழுவ மெஷின் இருக்கிறது. மெஷினுக்குள் வைப்பதற்கு முன்னால் பாத்திரத்தை ஒரு தடவை கழுவ வேண்டுமாம், அது நான். கதிர்வேல் கழிப்பறையிலிருந்து "தாத்தா, முடிச்சிட்டேன்" என்று கத்துவான். அதுவும் நான்தான்.

நேற்று வீடியோவில் மங்கையைக் கூப்பிட்டேன். என் குழியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் லோகாம்பாள். இருவர் கையிலும் டீ. சர்க்கரை போட்டதுதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்தப் பாதிப் புடவை என்னாச்சி?" என்றேன் மிடுக்காக. "வேற கைன்னு முதலாளி கண்டுபுடிச்சிட்டாரா?"

"அவருக்கு எங்க? நீங்க ஊர்ல இல்லாததே தெரியாது. திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

"பாத்து?"

"'நம்ம சம்பந்தத்துக்கு இப்பதாம்மா கை தேறிக்கினு வருது'ன்னாரு."