மானியத்தாரும் இரண்டு விமானக் கம்பனிகளும்

இந்த உலகத்தில் விமானங்களைப் பற்றி மானியத்தார் அளவுக்குக் கவலைப்பட்ட மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. விமானம் செய்தவர்களே இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அவர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த டிக்கட் ஏஜென்சியில் அவர்தான் மூத்தவர். அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அந்த மேசையில் இருந்து நான் பட்ட வெட்கத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தால் எந்த விமானமும் நிலத்தை விட்டுக் கிளம்பியிருக்காது.

மானியத்தார் என்பது, வாயைத் திறந்தால் அரசாங்க மானியக் கதைதான் என்பதால் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயர். முகத்துக்கு நேரே அண்ணை. யுத்தம் மறுபடி மூண்டுகொண்டிருந்த காலம் அது. ஏஜென்சியின் படியேறி வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனை, எப்படியாவது பிள்ளையை வெளியே அனுப்பிவிட வேண்டும். மானியத்தாரின் யோசனை வேறு. உலகத்தில் பெரிய விமானம் செய்கிற கம்பனிகள் இரண்டு. ஒன்று அமெரிக்காவில், மற்றது ஐரோப்பாவில். உன் அரசாங்கங்கள் உனக்கு மலிவாகக் கடன் கொடுக்கின்றன, விமானம் விற்றால்தான் நீ திருப்பிக் கட்டுகிறாய், இது என்ன நியாயம் என்று அமெரிக்கக்காரர் வழக்குப் போட்டார்கள். உனக்கு மட்டும் என்ன, இராணுவ வேலை என்றும் வரிச் சலுகை என்றும் உன் அரசாங்கம் பின்கதவால் ஊட்டவில்லையா என்று ஐரோப்பியர் எதிர்வழக்குப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் எல்லை வேலி வழக்கைப் பின்தொடர்வதுபோல மானியத்தார் அதைப் பின்தொடர்ந்தார். பத்திரிகையில் அதைப் பற்றி வந்ததையெல்லாம் வெட்டி, தோளில் தொங்கும் பையில் வைத்திருப்பார்.

பின்தொடர்ந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவார். கனடாவில் இருக்கும் மகளிடம் போக டிக்கட் எடுக்க ஒரு வயதானவர் வந்தார். மானியத்தார் அவரை இருத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஐயா ஏறப்போகிற விமானத்தைச் செய்ய நாலு அரசாங்கங்கள் காசு கொடுத்திருக்கின்றன, அதற்கு ஐயாவுக்குச் சம்மதமோ என்று கேட்டார்.

"தம்பி, அது விழாதுதானே?" என்றார் பெரியவர்.

"விழாது. ஆனா நியாயமில்லை."

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அயலெல்லாம் பார்சல் கொண்டுவரும். வறுத்த மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, பனம்பழப் பினாட்டு, அங்கே பிறந்த குழந்தைக்கு ஒரு சோடி காப்பு. போகிறவரின் சொந்த உடுப்பு கடைசியில்தான் பெட்டிக்குள் போகும். மானியத்தாருக்கு இதுவும் கண்ணில் குத்தும். மற்றவர்களின் தூளைச் சும்மா சுமந்து போவது மறைமுக மானியம், அதனால் தபால் கந்தோருக்கு நட்டம் என்று கல்யாணமாகி லண்டன் போகும் ஒரு மணப்பெண்ணுக்கு விளக்கினார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, அண்ணை பகிடிக்குச் சொன்னவர் என்று பொய் சொல்லி அனுப்பியது நான்.

இவையெல்லாவற்றையும் தூக்கி அடித்தது ஜெனீவா. விமான வழக்கு அங்கேதான். அதே நாட்களில் அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் இடையிலான சமாதானப் பேச்சும் அங்கேதான். வெள்ளவத்தை முழுக்க ஜெனீவா என்ற சொல்லைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளும். ஒருநாள், ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர் அம்மா, ஜெனீவாவில் என்ன நடக்கிறதாம் என்று கவலையோடு கேட்டார். இருந்தவர்கள் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு மானியத்தாரைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பக்கமும் விட்டுக் குடுக்கிறதாயில்லை. இது இழுபடும்," என்றார் அவர்.

அதிபர் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் திரும்பவும் சண்டைதானா என்று கேட்டார். அமெரிக்கக்காரர் வரிச் சலுகையைக் கைவிட்டால் வழி பிறக்கும் என்று மானியத்தார் தொடங்க, அந்த அம்மா எழுந்து டிக்கட்டும் எடுக்காமல் படியிறங்கிப் போனார். நான் விழாத பேனாவை மேசைக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இரண்டு விஷயத்துக்கும் சரியாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் கொழும்பின் வானத்துக்கே பயம் வந்தது. இயக்கத்தின் சின்ன விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதன் பிறகு, தமிழர் யாரும் பிளேன் என்ற சொல்லையே பஸ்ஸில் உரத்துச் சொல்வதில்லை. அந்த நாட்களில் ஒரு தடவை நானும் அவரும் கொழும்புக் கோட்டைக்கு ஏஜென்சி வேலையாகப் போனோம். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் மானியத்தாரின் பையைத் திறந்தான். உள்ளே முழுக்க விமானப் படங்கள்.

"மே மொனவத?" என்றான். இதெல்லாம் என்ன என்று கேட்கிறான். மானியத்தார் முகமெல்லாம் மலர்ந்து, தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் வழக்கை முதலிலிருந்து ஆரம்பித்தார். வெயிலில் வரிசை நீண்டது. அவர் ஐரோப்பியக் கடனை முடித்து அமெரிக்க வரிக்கு வரும் நேரம் சிப்பாய் பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "யன்ன மஹத்தயா, யன்ன", போங்கள் ஐயா, போங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினான். பஸ்ஸில் ஏறியதும் நான் அவரைத் தெரியாதவள்போல வேறு இருக்கையில் போய் இருந்தேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இரவு விமானங்கள் நின்றது அந்த நேரத்தில்தான். என் தம்பிக்குக் கஷ்டப்பட்டு லண்டன் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து விசாவும் வந்திருந்தது. குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். கிருலப்பனையில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இளம் தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. அம்மா இரவில் வாசலில் வாகனச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். தம்பியின் விமானமோ இரவு விமானம். அது ரத்து.

பகல் விமானம் ஒன்றில் எங்கள் ஏஜென்சிக்கென்று சில இருக்கைகள் ஒதுக்கியிருந்தார்கள். வளைகுடா வரை போய் அங்கிருந்து மாறிப் போகலாம். யாருக்குக் கொடுப்பது என்பது மானியத்தாரின் பொறுப்பு. முதலில் கேட்டவருக்கு முதலில் என்று கொடுத்து எல்லாம் முடிந்துவிட்டது. அதில் ஒன்று அவருடையதே. டொரொன்டோவில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. முதல் தடவையாகப் பறக்கப் போகிறார் என்று காலி வீதி முழுக்கத் தெரியும். இருக்கை கிடைக்காமல் காத்திருந்தவர்களில் முதல் ஆள் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு அம்மாவின் மகன். டோஹாவில் வேலை கிடைத்து, அவனுக்கும் விசா முடிகிற தறுவாய். இரண்டாவது ஆள் என் தம்பி.

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஏஜென்சிக்கு வந்துவிட்டார். ஆட்கள் நிறைந்திருந்த நேரம். நேரே மானியத்தாரின் மேசைக்குப் போனார்.

"அண்ணை, பிள்ளை இஞ்சதானே வேலை செய்யிறாள். அவளின்ர முகத்துக்காக எண்டாலும் ஒரு சீற் தாருங்கோ."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் அவர் ஓம் என்று சொல்ல வேண்டும் என்றும் மனம் அடித்துக்கொண்டது. எங்கள் முதலாளி ஹாஜியார் நல்ல மனிதர். கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன ஐயா, எங்கட புள்ளட தம்பிதானே. ஒரு பேர முன்னுக்குப் போடுங்களே."

"போடலாம் ஹாஜியார். அந்த அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ," என்றார் மானியத்தார்.

கொட்டாஞ்சேனை அம்மா சுவரோரக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஜியார் மின்விசிறியைப் பார்த்தார். மானியத்தார் என் அம்மாவிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்.

"கோவிக்காதேங்கோ. அந்த ரெண்டு கம்பனிக்கும் அரசாங்கக்காரர் இதைத்தான் செய்தவங்கள். எங்கட ஆக்கள் எண்டு பின்கதவால குடுத்தவங்கள். குடுக்கிறது பிழையில்லை. ஒளிச்சுக் குடுக்கிறதுதான் பிழை."

இந்த நேரத்திலும் விமானக் கம்பனியா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்போது கொட்டாஞ்சேனை அம்மா எழுந்து வந்தார்.

"பரவால்ல ஐயா. அவங்க புள்ளைக்கே குடுங்க. நாங்க எப்படியாச்சும் பாத்துக்குவோம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம், வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நானும் குனிந்துகொண்டேன். அந்த அறையில் நிமிர்ந்திருந்தது மானியத்தார் மட்டும்தான். அவர் தன் கணினிப் பக்கம் திரும்பி, எல்லோரும் பார்க்க, தன் பெயரை அந்த விமானத்திலிருந்து எடுத்தார்.

"இப்ப ஒரு சீற் இருக்கு. அம்மா, மகன்ர பாஸ்போட்டைத் தாங்கோ," என்று கொட்டாஞ்சேனை அம்மாவைக் கூப்பிட்டார்.

ஹாஜியாருக்கே குரல் உயர்ந்துவிட்டது. உங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

"பேரன் எங்க ஓடப்போறான்? அவனுக்கு விசா முடியிறேல்லை," என்றபடி மானியத்தார் பாஸ்போட்டைப் புரட்டத் தொடங்கினார்.

வரிசையில் இப்போது தம்பிதான் முதல் ஆள். அடுத்த நாளே யாரோ ஒரு வியாபாரி தன் பயணத்தை நிறுத்த, அந்த இருக்கை அவனுக்குக் கிடைத்தது. அன்று பின்னேரம் நான் தயங்கித் தயங்கி மானியத்தாரிடம் போனேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணை, நீங்கள் கொடுத்ததும் மானியம்தானே என்று கேட்டு வைத்தேன். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"ஓம், மானியந்தான். ஆனா எல்லாருக்கும் முன்னால குடுத்தனான். ஜெனீவாவில வழக்குப் போட்டாலும் வெல்லுவன்."

தம்பி போய்ச் சேர்ந்ததும் ஏஜென்சிக்குத்தான் ஃபோன் எடுத்தான். நான் தேநீர் ஊற்றப் போயிருந்ததால் மானியத்தார் எடுத்தார். ஓடி வந்தேன். எந்தக் கம்பனியின் விமானம், எஞ்சின் யாருடையது என்று பிள்ளையை வதைக்கப் போகிறார் என்று பயம்.

"தம்பி, சாப்பிட்டியோ? குளிருக்கு உடுப்புப் போட்டிருக்கிறியோ?" என்று கேட்டார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஃபோனைக் கையால் மறைத்து, குரலைத் தாழ்த்தினார். "எடேய், மேல இருந்து பாக்க என்னடா தெரியும்? முகில் எல்லாம் எங்களுக்குக் கீழையோ கிடக்கும்?"

அந்தப் பக்கத்திலிருந்து தம்பி என்னவோ சொல்லச் சொல்ல, இவர் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு நான் நிற்பது நினைவுக்கு வந்து, சட்டென்று ஃபோனை என்னிடம் நீட்டினார். அவரது முகத்தைப் பார்க்க முடியாமல் வாங்கிக் காதில் வைத்தேன்.

"நான் பிறகு கதைக்கிறன். நீ அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் சொல்லு," என்று தம்பியிடம் சொல்லி, ஃபோனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.