தானே வளர்ந்த தனிமரம்

உலகத்தில் பெரிய மனிதர்கள் பிறப்பதில்லை, எழுதப்படுகிறார்கள். இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவர் 'சரித்திரம்'. வாழ்க்கை வரலாறு எழுதி எழுதி அந்தப் பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் பேனா பட்டால் போதும், வட்டிக்கடைக்காரரும் வள்ளலாகிவிடுவார்.

இந்த முறை அவரிடம் அகப்பட்டவர் குழாய்த் தொழிற்சாலை முதலாளி. 'விரும்பிப் படித்தவை' என்ற அத்தியாயத்துக்காக முதலாளி வீட்டுக் கூடத்தில் இருவரும் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள்.

"சின்ன வயசுல எதை விரும்பிப் படிச்சீங்க ஐயா?"

முதலாளி ஆழ்ந்து யோசித்தார். "சினிமா போஸ்டர்."

"'சுவர்களிலும் தத்துவம் தேடினார்'னு போட்டுக்கலாம். அப்புறம்?"

"எங்க வீட்ல புத்தகம் படிக்கிறது அக்கா மட்டுந்தான். துணி தைச்சு என்னை வளர்த்ததும் அதுதான். ஃபேக்டரிக்கு முதல் மெஷினே அது வளையலை வித்து வாங்கினது. அதைப் பத்தி நாலு வரி..."

சரித்திரம் பேனாவை மூடினார். "ஐயா, புத்தகத்தோட பேரு 'தானே வளர்ந்த தனிமரம்'. அக்கா உள்ளே வந்தா தோப்பாயிடுமே?"

"ஆமால்ல! ஆனா அந்த மெஷின்?"

"உழைப்பால வந்ததுன்னு எழுதிடறேன். யாரோட உழைப்புன்னு யார் கேக்கப் போறாங்க?"

இலக்கிய நேர்மை காப்பாற்றப்பட்டதில் இருவருக்கும் பரம திருப்தி.

வெளியீட்டு விழாவில் புத்தகத்தைத் திறக்காமலே ஏழெட்டுப் பேர் புகழ்ந்தார்கள். படித்து முடித்திருந்தவர் ஒரே ஒருவர். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா. பக்கத்து நாற்காலியில் இருந்த சரித்திரம், பாராட்டு வாங்கும் ஆசையில் குனிந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"உங்க புத்தகம்னா எனக்கு உசுரு தம்பி. ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். படிக்கிறப்பல்லாம் ஒரே வருத்தமா இருக்கும். இத்தனை பெரிய மனுசங்க, ஒருத்தருக்குக்கூட ஒரு அக்கா இல்லாம போச்சே, பாவம், எப்படித்தான் வளர்ந்தாங்களோன்னு அழுதுகூட இருக்கேன்."

சரித்திரம் அடக்கமாகத் தலையசைத்தார்.

"நேத்து இதைப் படிச்சேன். என் தம்பிக்கும் அக்கா இல்ல." அவர் புத்தகத்தை மெல்ல மூடினார். "அப்ப அவங்களுக்கெல்லாமும் இருந்திருக்காங்க. இல்லையா தம்பி?"

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி முழங்கியது: "'உண்மையின் உரைகல்' என்ற பட்டத்தைப் பெற எழுத்தாளரை மேடைக்கு அழைக்கிறோம்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சரித்திரம் எழுந்தார். அக்கா கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டார். பெரிய மனிதர்களுக்கு வழிவிட்டு அவருக்குப் பழக்கம்.