கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு விளக்கைப் போடவும்

கெட்டுப்போன பொருளைப் பழுதுபார்க்காமல் அதோடு பழகிக்கொள்ளும் ஓர் இனம் நம் ஊரில் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பழக்கஸ்தர்கள் என்று அவர்களுக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். நாற்காலிக்குக் கால் ஆடினால் பழக்கஸ்தர் தச்சனைக் கூப்பிடமாட்டார். எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் கவிழாது என்று கற்றுக்கொள்வார். குடை ஒழுகினால் ஒழுகாத பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு பாசார் கடைகளுக்குப் போய்வருவார். போகட்டும். நாற்காலி, குடை என்ற மட்டில் ஆபத்து அவரோடு முடிந்தது. அவர் மின்சாரத்தோடு பழக ஆரம்பித்தால்?

பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குமாஸ்தா கிரிகரி அப்படித்தான் ஆரம்பித்தார்.

அவர் குடியிருப்பது மனைவி சாந்தமேரியின் அப்பா கட்டிய பலகை வீடு. ஊருக்கு மின்சாரம் வந்த புதிதில், அந்தத் தெருவிலேயே முதன்முதலாக பல்பு எரிந்த வீடு. அன்றைக்கு இழுத்த வயர்தான் அப்போதும். ரப்பர் வெடித்து, ரப்பரின் மேல் சுற்றியிருந்த நூல் நைந்து, வயரை மூடிய மரச்சட்டத்தில் பாதியைக் கரையான் தின்றாயிற்று. மீதிப் பாதியைத் தின்னாமல் விட்டதற்குக் காரணம், அதற்கும் ஒரு நாள் ஷாக் அடித்திருக்கும் என்பது சாந்தமேரியின் அபிப்பிராயம்.

கிரிகரிக்கோ அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கூடத்து விளக்கு எரிய வேண்டுமானால் சுவிச்சுக்கு ஒரு முழம் மேலே, சுவரில் புறங்கையால் ஒரு தட்டு. மெல்லத் தட்டினால் எரியாது. ஓங்கித் தட்டினால் பக்கத்து அறை விளக்கு அணைந்துவிடும். சமையலறை விளக்கு எரியும்போது படுக்கையறை விளக்கைப் போடக்கூடாது. ஓரகத்திகள் மாதிரி, இரண்டுக்கும் ஆகாது. குளியலறைச் சுவிச்சு கடிக்கும். அதற்காகவே அந்தக் கதவருகில் சீனர் கடையில் வாங்கிய ஒரு ஜோடி கட்டைச் செருப்பு, அதற்கு மேலே கிரிகரியின் முத்து முத்தான கையெழுத்தில் ஓர் அட்டை: 'கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு விளக்கைப் போடவும்.'

கிள்ளானிலிருந்து வந்த மைத்துனர் மாரிஸ் அட்டையைப் படிக்கவில்லை. வீடே அதிர அலறினார். ஓடிவந்த கிரிகரி முதலில் என்ன கேட்டார் தெரியுமா?

"செருப்பு போடலையா?"

அவ்வளவுதான். சுவிச்சின் மேல் தப்பே இல்லை. அட்டை இருக்கிறதல்லவா?

இரண்டு வீடு தள்ளி பழனியப்பன் இருந்தான். விளக்குக் கம்பெனியில் வயர்மேன். அவனும் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவான்: "அண்ணே, ரெண்டு ஞாயித்துக்கிழமை குடுங்க, மொத்தத்தையும் உருவிட்டு புதுசா இழுத்துடறேன்லா."

"நீ ரோட்டுக் கம்பத்தைப் பாரு தம்பி. இந்த வீட்டோட குணம் எனக்குத்தான் தெரியும்."

இப்படியே இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும். ஆனால் அந்த அக்டோபரில் மாதா வந்தார்.

அக்டோபர் முழுவதும் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும் என்பதும், சாயங்காலம் அந்த வீட்டில் ஜெபமாலை நடக்கும் என்பதும், வீட்டுக்காரர்தான் ஜெபத்தை முன்னின்று சொல்லவேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முந்தின வாரம் அதே தெருவில் கிளாரன்ஸ் வீட்டில் சுரூபத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு எரிந்தது. ஜனங்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். கிரிகரி மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருபத்தி நாலு போடறேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"நம்ம வயரு நாலுக்கே முனகுது. அப்பா கட்டுன வீடுங்க இது. மாதா வந்து இறங்குற அன்னைக்கா தீப்பிடிக்கணும்?"

"கிளாரன்ஸ் பன்னெண்டு போட்டிருக்கான்."

"நாமளும் பன்னெண்டு போடுவோம்."

"அவனைப் பாத்துப் போட்ட மாதிரி ஆயிடாது?"

இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை என்ன வாதாட முடியும்? ஜெபத்துக்கு முதல் நாள் காலையில் அவள் பழனியப்பன் வீட்டுப் பக்கம் போய்வந்தாள். ஏதாவது கடன் காப்பித்தூள் கேட்கப் போயிருப்பாள் என்று கிரிகரி நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஒத்திகை. இருபத்து நான்கு பல்பையும் மாட்டி, சுவரில் ஒரு தட்டுத் தட்டி, சுவிச்சைப் போட்டார். ஒரு விநாடி சொர்க்கம். மறு விநாடி இருட்டு. மீட்டர் பெட்டியில் பியூஸ் கம்பி உருகிப்போயிருந்தது. புதுக் கம்பி போட்டார்; உருகியது. இன்னொன்று, அதுவும். கிரிகரி மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். மூன்று தடவை உருகினால் அதற்கு என்ன அர்த்தம்? கம்பி சோதா என்று அர்த்தம். நேரே போய்க் கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து சாந்தமேரியின் கொண்டை ஊசி ஒன்றை எடுத்துவந்து பீங்கான் கட்டையில் நன்றாக முறுக்கி வைத்தார்.

பிறகு உருகவே இல்லை. இத்தனை வருஷம் இது நமக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். கோயில் உபதேசியார் முன்வரிசையில். கிளாரன்ஸ் அவருக்குப் பக்கத்தில், பல்புகளை எண்ணிக்கொண்டு. இருபது வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டதைக் கிரிகரி பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தானே இந்தப் பாடெல்லாம்! ஆனால் சாந்தமேரி பெண்களோடு முன்னால் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். வாசலில் நாலு வாளி மணல் வேறு இருந்தது, பூந்தொட்டிக்காக இருக்கும். பழனியப்பன் மீட்டர் பெட்டிக்குக் கீழே கைகட்டி நின்றான். சைவனாக இருந்தாலும் மாதா பேரில் எவ்வளவு பக்தி என்று கிரிகரி நெகிழ்ந்தார்.

ஜெபமாலையின் ஐந்து தேவரகசியத்தில் இரண்டு முடிந்தது. மூன்றாவதில் ஒரு வாசனை வந்தது.

பெண்கள் வரிசையில் மகதலேனா அக்கா மூக்கை உறிஞ்சி, பக்கத்திலிருந்தவளிடம், "புதுச் சாம்பிராணிடி, ஊர்லேருந்து வரவழைச்சிருப்பாங்க" என்றாள். கிரிகரிக்குத் தெரியும். அது ரப்பர். மெல்ல நிமிர்ந்து பார்த்தார். சுரூபத்துக்கு நேர் மேலே, மரச்சட்டத்தின் இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என்ன செய்யவேண்டும்? எழுந்து, 'எல்லாரும் வெளியே போங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாற்பது பேர் இருக்கிறார்கள், பலகை வீடு, மாதா சுரூபம். ஆனால் கிளாரன்ஸ் இருக்கிறானே! கிரிகரி கணக்குப் போட்டார். இன்னும் இரண்டரை தேவரகசியம். புகை நெருப்பாவதற்குள் ஜெபத்தை முடித்துவிட்டால்?

வேகத்தைக் கூட்டினார். ஜெபமாலை நிற்கவேண்டிய ஸ்டேஷன்களில் நிற்காமல் ரவாங் பக்கம் பறக்கும் ரயில் மாதிரி ஓடியது. ஜனங்கள் பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் அடுத்த மணி உருண்டது. உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்தார். மகதலேனா அக்கா மூச்சு வாங்கினாள். நூலாக இருந்த புகை கயிறாயிற்று. ஒரு கரித்துண்டு, சிவந்த கண்ணோடு, மாதாவின் காலடியில் வந்து விழுந்தது. கிரிகரியின் நாக்கு அப்படியே நின்றுவிட்டது. சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தார்.

வாசற்படியில் சாந்தமேரி ஒரு இருமல் இருமினாள்.

பட்டென்று எல்லா விளக்கும் அணைந்தது. சுரூபத்துக்கு இருபுறமும் இரண்டு மெழுகுவத்தி மாத்திரம். பின்கட்டில் ஏணி உராய்ந்தது. மேலே மணல் சரசரவென்று விழுந்தது. அந்த இருட்டில் உபதேசியார் தழுதழுத்த குரலில் சொன்னார்: "ஆடம்பரத்தையெல்லாம் அணைச்சிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்துல ஜெபிக்கணும்னு காட்டினீங்களே, யாருக்கு வரும் இந்த யோசனை!"

கிளாரன்ஸின் முகம் தொங்கிப்போனது.

கிரிகரி தலையைக் குனிந்துகொண்டார். "ஏதோ, என்னால ஆனது" என்றார்.

கூட்டம் கலைந்ததும் பழனியப்பன் வந்து, கருகி நீலம் பாய்ந்த கொண்டை ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தான். "உருகறதுக்குன்னே உள்ள கம்பிண்ணே அது. அது உருகலைன்னா வீடு எரியும். நேத்து சாயங்காலம் அக்கா காட்டினப்பவே இதை உருவிடறேன்னேன். அக்காதான் வேணாம், இதை எடுத்தா இன்னொண்ணு வைப்பாரு, எங்கிட்ட ஒரு டஜன் இருக்குன்னாங்க. அதான் மெயின் சுவிச்சுக்கிட்டயே நின்னேன்."

சாந்தமேரி அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோவிச்சுக்கிட்டு நான் அப்பா வீட்டுக்குப் போக முடியாது. இதான் எங்க அப்பா வீடு. அடுத்த தடவை நீங்கதான் போவணும்."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வயர் முழுவதும் மாறியது. கிரிகரி ஏணிக்குக் கீழே நின்று பழனியப்பனுக்கு யோசனை சொன்னார். இப்போது விரல் பட்டால் போதும், விளக்கு எரியும். எந்த விளக்கும் எந்த விளக்கோடும் சண்டை போடுவதில்லை. எதுவும் கடிப்பதில்லை.

ஆனாலும் கிரிகரி இன்றைக்கும் கூடத்துக்கு வந்தால் முதலில் சுவரில் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சுவிச்சைப் போடுகிறார். கட்டைச் செருப்பும் அட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், "புது சுவிச்சுதானே, குணம் போகப் போகத்தான் தெரியும்" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "அந்தக் கதவை அப்படித் தள்ளக்கூடாது, கொஞ்சம் தூக்கி, இடது பக்கமா..." என்று பெருமையோடு கற்றுக்கொடுத்தது யார்? அதைக்கூட விட்டுவிடலாம். இதைப் படிக்க இப்போது விளக்கைப் போட்டீர்களே, எதனால் போட்டீர்கள்? ஒரு விரலாலா, புறங்கையாலா? அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். முதலில் உங்கள் வீட்டு அம்மாளின் கொண்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.