நாற்பது நிமிஷத்தை இரண்டே நிமிஷத்தில் கேட்டவர்

உள்ளூர்க் கலையைத் தாங்கிப் பிடிக்கிற தூண்கள் என்று ஓர் இனம் உண்டு. நம்ம பிள்ளைகள் பாட்டுப் போட்டார்கள், படம் எடுத்தார்கள் என்று காதில் விழவேண்டியதுதான். ஸ்டேட்டஸ் வைப்பார்கள், நெருப்பு எமோஜி நாலு போடுவார்கள், குரூப் குரூப்பாக அனுப்புவார்கள், அனுப்பாதவனை இனத்துரோகி என்பார்கள். அத்தனையும் செய்வார்கள். கேட்பது ஒன்றுதான் பாக்கி.

காரைக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கும் அய்யப்பன் இந்த இனத்தின் தலைமகன். 'கருவக்காடு' என்ற ராக் குழுவைத் தமக்கு முன்னால் யாருக்குமே தெரியாது என்பது அவருடைய பெருமை. அவருக்குப் பின்னாலும் பெரிதாக யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். டிரம்ஸ் அடிக்கும் அயாஸ், பாடுகிற சத்தியப்பிரியா, கிடாரோடு இரண்டு பேர். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற கனத்த வாசிப்பு, தெக்கத்திப் பேச்சிலேயே பாட்டு. பஸ் ஸ்டாண்டு எதிரே அவர்களை வாழ்த்தி அய்யப்பன் ஒரு பிளக்ஸ் வைத்தார். அதில் கூலிங்கிளாஸோடு அய்யப்பன் ஆளுயரம் நின்றார். குழுவினர் தபால்தலை அளவில் அவர் காலடியில் இருந்தார்கள்.

எட்டு மாத உழைப்பில் 'கானல் ரோடு' என்ற ஆல்பம் முடிந்தது. ஞாயிறுதோறும் திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வீட்டில் கணக்கில்லாமல் ஏச்சு வாங்கி, தொண்டை கட்டும்வரை பாடியவள் சத்தியப்பிரியா. அவள் பெயர் போட்டு வருகிற முதல் ஆல்பம் அது. வெளியிடுவதற்கு முன் அயாஸ் அதை அய்யப்பனுக்கு அனுப்பினான்.

"கேட்டுக் கேட்டு எங்க காது மரத்துப்போச்சுண்ணே. ஒரு தடவை முழுசாக் கேளுங்க. நீங்க சரின்னுட்டீகன்னா அப்படியே வெளியிட்டுருவோம்."

எட்டுப் பாட்டு, நாற்பது நிமிஷம். பதில் இரண்டாவது நிமிஷம் வந்தது. என்ன செய்வார் மனிதர்? கடையில் ஒருவர் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். பத்து விநாடி ஓடவிட்டார், கிடார் உறுமியது, வாடிக்கையாளர் பதறினார், நிறுத்திவிட்டார். பிரியா குரல் உசுரைப் பிடித்து உலுக்குகிறது, கண் கலங்கிவிட்டது என்று பதில் போட்டார். கண் கலங்கவில்லை. கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி நின்றுவிட்ட கவலைதான்.

அவர் சொல்லை நம்பி அதையே இணையத்தில் வெளியிட்டார்கள். ஊர்க் கலைஞர்களின் வாட்ஸப் குரூப்பில் மதியத்துக்குள் நூற்று நாற்பத்து மூன்று பாராட்டு. அத்தனையும் குரலுக்கு!

மறுநாள் காலை கல்யாண மண்டபத்தில் அறிமுக விழா. தலைமை வேறு யார்? மூன்றாவது பாட்டில் கிடாரைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறுகிற அந்தக் குரல் இருக்கிறதே என்று அய்யப்பன் அரைமணி நேரம் உருகினார். பிறகு அதே மூன்றாவது பாட்டைப் போட்டார்கள்.

கிடார் வந்தது. டிரம்ஸ் வந்தது. குரல் வரவில்லை. அடுத்த பாட்டிலும் வரவில்லை. அயாஸுக்கு வேர்த்துவிட்டது. மேடையில் ஒத்திகை பார்க்கக் குரலில்லாமல் வைத்திருந்த பிரதியை அவசரத்தில் அனுப்பியிருக்கிறான். அதைத்தான் அண்ணன் சரி என்றிருக்கிறார், அதைத்தான் உலகத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

முதல் ரசிகர் பட்டம் பறிபோகிற நேரம். அய்யப்பன் அசந்தாரா? மைக்கைப் பிடித்தார்.

"குரல் இல்லாத மாதிரிதான் தெரியும். உள்ளார இருக்கு. கூர்ந்து கேக்கணும்."

மண்டபமே தலையாட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடி ரசித்தார்கள். சத்தியப்பிரியாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எட்டு மாதத்தை அள்ளி வாய்க்காலில் கொட்டின மாதிரி நின்றாள். பாவம், யாருக்குத்தான் ஆறும்? அவள் மெதுவாக வந்து மைக்கை வாங்கினாள்.

"பாடுன எனக்கே கேக்கலையேண்ணே. கேட்டவுக பேரை வாசிக்கிறேன், எந்திரிச்சு நின்னு எங்க கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

போனை எடுத்து அந்த நூற்று நாற்பத்து மூன்றையும் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். குரலில் தேன் வடிகிறது என்று எழுதிய தேவகோட்டை கண்ணன் எழுந்து நின்று மின்விசிறியை ஆராய்ந்தார். மெய் சிலிர்த்த தேவிகா டீச்சருக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. இப்போது நாற்பத்தோராவது பெயருக்கு வந்திருக்கிறாள்.

அதுசரி, நீங்கள் ஏன் அவசரமாகப் போனைத் தடவுகிறீர்கள்? விட்டுவிடுங்கள், போட்ட பாராட்டை நீக்கினால் நீக்கியவர் பெயரும் சேர்ந்தே தெரியும்.