கல்யாணத்துக்குப் போன பூட்டு

கீழ்பென்னாத்தூரில் எங்கள் இலாகாவுக்கு ஒரு விதைக் கிடங்கு இருந்தது. உள்ளே இருந்தது கோப்பில் நிலக்கடலை, ஊரில் மல்லாட்டை. எண்பத்து மூன்றாம் வருஷம் அதன் பூட்டு துருப்பிடித்துச் செத்தது.

கடைத்தெருவில் புதுசு வாங்கியிருக்கலாம். அது விஞ்ஞானத்துக்கு விரோதம் என்றார் அதிகாரி அருணகிரி. டெல்லியில் 'சிஸ்டம் என்ஜினீயரிங்' பயிற்சி முடித்த சூட்டோடு வந்திருந்தார். பூட்டு வரும்வரை காவலாளி சகாதேவன் கதவில் சாய்ந்தே உட்கார வேண்டும் என்று உத்தரவு.

முதலில் பூட்டின் 'தேவைகளை'த் தீர்மானிக்க வேண்டுமாம். கூட்டம் போட்டார். மழையில் நனைந்தாலும் உழைக்கணும் என்றார் ஓவர்சியர். திருடனைக் கண்டால் கத்தணும் என்றார் போலீஸ்காரர். அதிகாரியைக் கண்டால் மட்டும் தானே திறக்கணும் என்றார் அருணகிரி. எக்காரணம் கொண்டும் கதவை விட்டுப் பிரியக் கூடாது என்றேன் குமாஸ்தாவான நான். நானும் ஏதாவது சொல்லணுமே!

இந்தியா முழுக்கத் தேடியதில், அத்தனையும் பொருந்திய சாதனம் ஒன்றுதான் அகப்பட்டது. சகாதேவன். அன்றைக்கே அவரைத் தளவாடக் கணக்கில் சேர்த்து, சட்டை முதுகில் வெள்ளை பெயின்ட்டால் நம்பர் போட்டோம்.

அடுத்த தடவை அருணகிரி சோதனைக்கு வந்தபோது சகாதேவன் கும்பிட்டார்.

"சார், பொண்ணு தனத்துக்குத் திருவண்ணாமலையில கல்யாணம். லீவு வேணுங்க."

"பூட்டுக்கு ஏதுய்யா லீவு?"

"தாரை வார்க்க அப்பன் வேணுமேங்க."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. அருணகிரி கதவைத் தட்டிப் பார்த்தார்.

"கதவை விட்டுப் பிரியக் கூடாது, அவ்வளவுதானே. கதவு எங்க இருக்கணும்னு எவனாவது சொன்னானா?"

கதவைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றினோம். அதில் சாய்ந்தபடியே சகாதேவன் மேளதாளத்தோடு கிளம்பினார். கதவில் சாய்ந்தே தாரை வார்த்தார். இலாகா மொத்தமும் பந்தியில் உட்கார்ந்தோம். பாயசத்துக்கு முந்திரி ஜாஸ்தி.

திரும்பி வந்து பார்த்தால் கிடங்கு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என் வேலை போச்சுங்க" என்று சகாதேவன் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கென்னய்யா? பூட்டு உடையல, கதவு திறக்கல. திருட்டு எப்படி நடந்திருக்கும்? சிஸ்டம் நூத்துக்கு நூறு" என்றார் அருணகிரி.

திருட்டே நடக்கவில்லை என்று அறிக்கை போனது. நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அந்த ஆளை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

ஆடியில் எங்கப்பா விதை கேட்டு வந்து நின்றார். இல்லை என்றேன்.

"திருடு போகலைன்னு நீதானடா கையெழுத்துப் போட்ட? அப்ப உள்ளதானே இருக்குது. எடுத்துக் குடு."

நான் சகாதேவனைப் பார்த்தேன். அவர் திரும்ப மாட்டிய கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டார்.

"அதிகாரியைக் கண்டாத்தான் திறக்குங்க."

அருணகிரி பதவி உயர்வில் டெல்லி போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அந்த வருஷம் எங்கள் நிலம் கரம்பாகக் கிடந்தது.